சிவப்புப் பூ வந்த பிறகு

சிங்காநல்லூரில் மோட்டார் பம்பு செய்கிறவர்களில் என் கைக்கு ஈடு கிடையாது. என்னைப் பிடிக்காதவர்களைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். படிப்பு அஞ்சாவதோடு சரி. பதினோரு வயதில் அடுத்தவர் பட்டறைக்குள் நுழைந்தவன், முப்பதில் சொந்த லேத் போட்டேன். இன்றைக்கு நாற்பது குடும்பம் என் பட்டறையை நம்பி இருக்கிறது. ஓடுகிற மோட்டார் மேல் ஸ்குரூடிரைவர் முனையை வைத்துப் பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டால், எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவேன். இன்ஜினீயரிங் படித்தவர்கள் மீட்டரைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

அப்படிப்பட்ட எனக்கு அறுபத்தெட்டாவது வயதில் சத்தமெல்லாம் தூரமாகிப் போனது.

காது நன்றாகத்தான் கேட்டது. ஆனால் பட்டறை மொத்தமும் ஏதோ ஆற்றுக்கு அக்கரையில் ஓடுகிறதுபோல இருந்தது. லேத்தில் இரும்பு சுருள் சுருளாக நீலம் பூத்து விழும். அதைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். டீ கொண்டுவந்து வைப்பார்கள், ஆடை கட்டி ஆறிப்போகும், எடுத்துப்போவார்கள். எதுவும் கெட்டுப்போகவில்லை. தொழில் நன்றாக இருந்தது. சத்தியமங்கலத்தில் கட்டிக்கொடுத்த மகள் நன்றாக இருந்தாள். அழுகையும் வரவில்லை. பஞ்சு மில்லுக்குள் நின்றால் தலையெல்லாம் வெள்ளையாகத் தூசி படியுமே, அதுமாதிரி உள்ளே என்னவோ ஓசையில்லாமல் படிந்துகொண்டே வந்தது.

மூன்று மாதம் பார்த்துவிட்டு, ரத்த அழுத்தம் பார்க்கப் போகலாம் என்று சொல்லி என் மனைவி என்னைக் கூட்டிப்போனாள். போர்டைப் படித்தபோதுதான் அது மனநல டாக்டர் என்று தெரிந்தது. டாக்டருக்கு என் மகளைவிட வயது குறைவு.

"எனக்கு ஒண்ணும் இல்லீங்க அம்மணி. இவதான் கூட்டியாந்தா" என்றேன்.

"ஏனுங்க, இங்கயுமா?" என்றாள் என் மனைவி. "நாயம் பேச ஆரம்பிச்சா நிறுத்தாத மனுசனுங்க டாக்டரம்மா. இப்ப ஊட்டுல வாயே தொறக்கறதில்லீங்க. நாலு மணிக்கே முழிச்சுட்டு மோட்டுவளையைப் பாத்துட்டுப் படுத்திருக்கறாரு."

டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, இது மனச்சோர்வு, நோய்தான், வெட்கப்பட ஒன்றும் இல்லை என்றார். எனக்குப் புரியும்படி சொல்ல நினைத்தார் போல. "மூளைய ஒரு மோட்டாருன்னு வெச்சுக்குங்கய்யா. ஆயில் கொறைஞ்சா ஊத்தறோமில்ல?"

"பேரிங்குக்கு ஆயில் ஊத்த மாட்டாங்க அம்மணி. கிரீஸ் வெப்பாங்க."

"சரிங்கய்யா, கிரீஸ்."

"பாத்தீங்களா, இதுக்கு மட்டும் வாய் வருது" என்றாள் இவள்.

மாத்திரை இப்போதே தொடங்கலாம் என்றார் டாக்டர். மனசு ஒப்பவில்லை என்றால் மூன்று வாரம் காலை நடை, நேரத்துக்குத் தூக்கம், வாரம் ஒருமுறை வந்து பேசுவது என்று பார்க்கலாம். சிலருக்கு அதிலேயே தேறிவிடும். "ஆனா சாப்பாடு, தூக்கம், வேலை இன்னும் கீழ எறங்குச்சுன்னாலோ, இருந்து என்ன ஆகப்போகுதுன்னு தோணுச்சுன்னாலோ, ஒரு நாள்கூடத் தள்ளக்கூடாது. ஒடனே வந்துரோணும்."

நான் நடையைப் பிடித்துக்கொண்டேன். பேசப் போகவில்லை. குளக்கரையில் விடிகாலைப் பனி தண்ணீருக்கு ஒரு முழம் மேலே மிதக்கும். பறவைகள் அதற்குள்ளிருந்து வந்து அதற்குள்ளேயே போகும். என் கால் நடந்துகொண்டிருக்கும், நான் எங்கேயோ பின்னால் வந்துகொண்டிருப்பேன். எத்தனை சுற்று என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

மூன்று வாரம் முடிகிற சமயத்தில் குலதெய்வம் கோவிலுக்குப் போய்ப் பூ கேட்டேன். எங்கள் பக்கத்தில் கலியாணமோ கிணறோ எதுவானாலும் பூ கேட்டுவிட்டுத்தான் செய்வோம். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக இலையில் பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் வைத்து, கும்பிட்டு, பூசாரியை ஒன்று எடுக்கச் சொல்ல வேண்டும். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் வேண்டாம். மாத்திரை சாப்பிடலாமா என்று மனதுக்குள் கேட்டேன். பூசாரி பொட்டலத்தைப் பிரித்தார். சிவப்பு அரளி.

அத்தனை மாதத்தில் அன்றைக்குத்தான் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. டாக்டரிடம் போகவில்லை. மனைவி கேட்டபோதெல்லாம் "சாமியே வேண்டாம்னுருச்சு" என்றேன்.

ஆடி பிறந்தது. கிணத்துக்கடவுக்குப் பக்கம் எனக்குப் பத்து ஏக்கர் தென்னந்தோப்பு உண்டு. பாட்டன் சொத்து இல்லை, நான் சம்பாதித்தது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அங்கே வந்து மோதும்போது தோப்பு மொத்தமும் ஒரே பக்கமாகச் சாய்ந்து இரைகிற இரைச்சல் கடல் மாதிரி இருக்கும். ஒரு மத்தியானம் அங்கே கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தேன். சாரல் விழுவதும் நிற்பதுமாக இருந்தது. ஓலைகளுக்கு நடுவே வானம் திறந்து திறந்து மூடியது. பக்கத்தில் என் மனைவி முறத்தில் தட்டப்பயறு புடைத்துக்கொண்டிருந்தாள், பொட்டும் தோலும் காற்றோடு பறந்தன. என் உடம்புக்கு எடையே இல்லாததுபோல இருந்தது. அந்தச் சுகத்திலேயே, மழை வரும்போல என்று சொல்வதைப்போலச் சொன்னேன்:

"நாளைக்கு எந்திரிக்காமயே போனாலும் நல்லாத்தான் இருக்கும் அம்மணி."

முறம் நின்றது.

"என்னங்க சொன்னீங்க?"

திரும்பவும் சொன்னேன். சொல்வதற்கு எனக்குப் பயமே இல்லை. அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் அது பயப்பட வேண்டிய பேச்சு என்று மங்கலாகப் பட்டது.

"எந்திரிங்க. டாக்டர்கிட்டப் போலாம்."

"சாமி சிவப்புத்தான குடுத்திருக்குது."

"மூணாவது போர் போடறப்ப என்ன பூ வந்துச்சுங்க?"

பதிலையும் அவளே சொன்னாள்.

"சிவப்பு. கேட்டீங்களா நீங்க? சாமிக்குப் போரைப் பத்தி என்ன தெரியும்னு ரிக்கு வண்டியக் கொண்டாந்து நிறுத்துனீங்க. அறுநூறு அடியில தண்ணி வந்துச்சுன்னு கலியாணத்துக்குக் கலியாணம் சொல்லித் திரியறீங்க. உங்களுக்கு வேணும்னா சாமி பேச்சு செல்லாது. வேண்டாம்னா மட்டும் சாமி முன்னால வந்து நின்னுக்குமா?"

கலியாணமான நாற்பத்து மூன்று வருடத்தில் அவள் என்னை அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. அவள் சொன்னது உண்மை. கையாலேயே எல்லாவற்றையும் கட்டி நிறுத்திய மனிதனை உளுந்தளவு மாத்திரை ஒன்று தாங்கிப் பிடிப்பதா என்ற கூச்சம் எனக்கு. அந்தக் கூச்சத்தைத்தான் சாமி தலையில் வைத்திருந்தேன்.

அன்றைக்கே போனோம். டாக்டர் சுற்றி வளைக்காமல் கேட்டார். "சாகணும்னு தோணுதுங்களா? அதுக்கு ஏதாச்சும் செய்யணும்னு யோசனை இருக்குதுங்களா?"

"செய்யணும்னு இல்லீங்க. ஆனா, இல்லாம இருந்தாத் தேவலைன்னு இருக்குதுங்க." சொன்னபோது என் குரல் எனக்குக் கிட்டத்தில் கேட்டது. ரொம்ப நாளைக்குப் பிறகு.

டாக்டர் பதறவில்லை. "போன தடவை உங்ககிட்டயே விட்டேன். இந்தத் தடவை விடமாட்டேன். இன்னைக்கே தொடங்கறோம்" என்றார். என்னைத் தனியாக விடக்கூடாது, மாத்திரை மனைவி கையில் இருக்க வேண்டும், அந்த மாதிரி எண்ணம் கூடினால் எந்நேரமானாலும் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும் என்று சொன்னார். குணம் தெரிய சில வாரம் ஆகும், நடுவில் நானாக நிறுத்தக் கூடாது. "சக்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடறீங்களே, அதுக்கு யாரைக் கேட்டீங்க?" என்று சிரித்தார்.

முதல் வாரம் குமட்டியது. நாக்கு வறண்டது. பகலெல்லாம் தூக்கக் கலக்கம், சாரலும் நானும் ஒன்றாகவே கரைந்து ஓடுகிறதுபோல. எல்லாவற்றையும் தூக்கி எறியலாம் என்று இருந்தது. இவள் டாக்டருக்குப் போன் போட்டாள். சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள், ஒரு வாரத்தில் அடங்கும் என்றார், அடங்கியது. கூடவே வாரா வாரம் போய்ப் பேசினேன். பேசுவதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். இப்போது ஒரு வருடம் ஆகப்போகிறது. இன்னும் சாப்பிடுகிறேன். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது அவர் வேலை.

எந்த நாளில் தேறினேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. இவளுக்குத் தெரியும். மாத்திரை தொடங்கி ஆறாவது வாரம் இருக்கும், தோப்பில் மரங்களை அண்ணாந்து பார்த்தபடி சொன்னேனாம்.

"காய் போட ஆள் சொல்லோணும். விட்டா எல்லாம் தானா உழுந்துரும்."

"சொல்லிப்போட்டேனுங்க. வெள்ளிக்கிழமை வாராங்க."

"என்னைக் கேக்காம எப்படிச் சொன்ன? வெள்ளிக்கிழமை வரைக்கும் எவன் காத்திருப்பான்? நாளைக்கே வரச் சொல்லு. நானே நின்னு பாக்கறேன்."

எப்போதும் இதற்கு ஒரு சண்டை நடக்கும். அன்றைக்கு அவள் ஒன்றும் சொல்லாமல் போனை எடுத்தாள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, காற்று இரைச்சலில் காய் பறிக்கிறவர்களுக்குக் கேட்கவில்லையோ என்னவோ, சத்தமாக இரண்டு தடவை சொன்னாள்.

"ஆமாங்க, அவரேதான் சொல்றாருங்க. நாளைக்கு. நாளைக்கேதானுங்க."