ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு டேங்க் காவேரி

என் தம்பிக்குப் பெண் அமையாததற்கு ஜாதகம் காரணமில்லை. பார்த்த ஜோசியர்கள் எல்லாரும் ராஜயோகம் என்றுதான் சொன்னார்கள். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷன் சூப்பர்வைசராக இருப்பதுதான் அந்த யோகம் போலிருக்கிறது என்று நாங்களும் ஏற்றுக்கொண்டோம். நாற்பதை நெருங்கிவிட்டான். குடி கிடையாது, கடன் கிடையாது, சொந்த வீடு. அப்பா அம்மா இல்லாத குறைக்கு அண்ணனும் அண்ணியும் இருக்கிறோம். அந்த அண்ணன்தான் குறையோ என்று எனக்குக்கூட ஒரு சந்தேகம் உண்டு. ஆலங்காயத்து வரன் ஒன்று தட்டிப்போனபோது தரகர்தான் விஷயத்தை உடைத்தார்.

"பையன்கிட்ட ஒண்ணும் இல்ல சார். அன்னிக்கு வந்த பொம்பளைங்க கை கழுவப் போனாங்க இல்ல? சோப்பு நுரைக்கல. பக்கெட்ல வேற பழுப்பா நின்னுது. இந்தத் தண்ணில எங்க பொண்ணு எப்பிடி இருக்கும்னுட்டாங்க."

எங்கள் வீட்டில் தண்ணீர் இரண்டு வகை. ஒன்று காவேரி. மேட்டூரிலிருந்து குழாய் வழியாக வருவது. இத்தனைக்கும் பாலாறு எங்கள் ஊர் ஓரமாகத்தான் போகிறது. போகிறது என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. இன்னொன்று வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், போர் தண்ணீர் என்போம். எடுத்த உடனே பார்த்தால் யோக்கியமாகத்தான் இருக்கும். ஒரு பொழுது பக்கெட்டில் வைத்தால்தான் குணம் தெரியும். மேலே மஞ்சளாக ஏடு கட்டும். அதில் பருப்பு வேகாது, பாத்திரத்தில் வெள்ளை வளையம் போகாது, தலையில் முடி தங்காது. வீட்டில் ஆண்கள் இரண்டு பேர், இரண்டும் வழுக்கை. என்னுடையது புத்தகம் படித்துப் படித்து வந்தது என்று தினமும் ரயிலில் கூட வருகிற சிநேகிதர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன். தம்பிக்கு அந்தச் சாக்கும் இல்லை.

யார்மேல் கோபித்துக்கொள்வது? தோல் பதனிடும் பழைய ஷாப்புகள் வருஷக்கணக்கில் கழிவை மண்ணில் விட்டதன் பலன் என்பார்கள். அந்தத் தோல்தான் தம்பியின் மேஜைக்கு வந்து, மாதம் பிறந்தால் சம்பளமாக எங்கள் வீட்டுக்கும் வருகிறது. அதனால் சத்தம் இல்லாமல் கோபப்பட்டுக்கொள்வோம்.

காவேரியை நகராட்சி முறை வைத்து விடுகிறது. எங்கள் தெருவுக்கு விட்டால் பின்தெரு காத்திருக்கும். வால்வு திறக்கிறவர் நீளமான இரும்புச் சாவியை டூவீலரில் குறுக்கே வைத்துக்கொண்டு வருவார். அவரை முதலில் பார்த்த வீட்டுக்காரர் தெரு வாட்ஸ்அப்பில் போடுவார். எங்கேயோ மெயின் பைப் உடைந்தால் முறை தள்ளிப்போகும். கோடையில் லாரி வரும். லாரிக்கு முன்னால் குடங்கள் வரும், குடங்களுக்கு முன்னால் சண்டை வரும். குழாயில் மோட்டார் போட்டு உறிஞ்சக்கூடாது என்று நகராட்சி ஆட்டோவில் அறிவித்துக்கொண்டு போவார்கள். ஆட்டோ தெருமுனை திரும்பும்வரை எல்லார் வீட்டு மோட்டாரும் மரியாதையாக நிற்கும்.

இந்த நிலைமையில்தான் காவேரிப்பாக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. பெண்ணுக்கு முப்பது தாண்டியிருந்தது. சத்துவாச்சாரியில் ஒரு துணிக்கடையில் வேலை. போட்டோ பார்த்ததும் பிடித்திருக்கிறது என்று தம்பி தானே வாயைத் திறந்து சொன்னான். அதற்கு முன் அவன் அப்படிச் சொன்னதில்லை. "இது அமையலன்னா அடுத்தது பாக்க வேணாம்ணா" என்றும் சொன்னான். சாப்பிட்டுக்கொண்டே, தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீடு பார்க்க வருவதாக ஏற்பாடு. காவேரிப்பாக்கத்துப் பெரிய ஏரிக்கரைக்காரர்கள். வந்தவுடன் குழாயைத்தான் திறப்பார்கள் என்று என் மனைவி முடிவு கட்டிவிட்டாள். எங்கள் முறை சனிக்கிழமை வந்தது. அந்த மட்டில் நல்ல காலம்.

மாடி டேங்கில் எப்போதும் இருப்பது போர் தண்ணீர். அதை முழுக்கத் திறந்துவிட்டு, தம்பி உள்ளே இறங்கி மஞ்சள் போகத் தேய்த்தான். போரிலிருந்து மேலே போகிற குழாயை மூடினோம். சனிக்கிழமை விடியற்காலை காவேரியைப் பிடித்து, கீழ்த்தொட்டியில் நிரப்பி, மேலே ஏற்ற வேண்டும். ஆனால் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்வது நூல்போலத்தான் இருக்கும். மேல்பக்கத்து வீடுகளின் மோட்டார்கள் குடித்து மிச்சம் வைப்பதுதான் எங்களுக்கு. என் மனைவி முதல் நாளே பக்கத்து வீட்டு பாயிடம் போய்ச் சொல்லிவிட்டாள். அவர் கம்பெனிகளுக்கு கெமிக்கல் டிரம் சப்ளை செய்கிறவர். மதில்மேல் கையை ஊன்றிக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"இன்னா சார், எங்ககிட்ட சொல்றதுக்கு இன்னா வெக்கம்? நாளைக்கு எங்க மோட்டார் போடல. எதிர் வூட்டுலயும் சொல்லிட்டேன். நீங்க புடிங்க."

"உங்களுக்கு இன்னா பண்ணுவீங்க பாய்?"

"ஒரு முறை கேன் தண்ணில குளிச்சா செத்தா போய்டுவோம்? கல்யாண பிரியாணிக்கு எங்க ஆளுங்கள ஜாஸ்தியா கூப்பிட்டுருங்க, அது போதும்."

அந்த விடியற்காலையில் எங்கள் தெருவில் மோட்டார் சத்தமே இல்லை. அறிவிப்பு ஆட்டோ வராமலே எல்லாம் நின்றிருந்தன. குழாயில் தண்ணீர் விரல் கனத்துக்கு விழுந்தது. நான் குடம் தூக்கினேன் என்று எழுத ஆசைதான். இரண்டாவது குடத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டு, மிச்ச நேரம் மேற்பார்வை செய்தேன். தம்பியும் அவன் அண்ணியும்தான் நிரப்பினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். பெண்ணும் வந்திருந்தது. இந்த வீட்டில் குழாய் திறக்கப்போகிறவள் அவள்தானே, வந்து பார்ப்பதில் தப்பென்ன என்று என் மனைவி சொல்லிக்கொண்டாள். முழங்காலைத் தொடும் பின்னல். பெண்ணின் அத்தை நேராகச் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தார். உள்ளங்கையில் பிடித்து வாயில் வைத்துப் பார்த்தார்.

"தண்ணி நல்லா இனிப்பாதாம்மா இருக்குது. உங்க ஊருப் பக்கம் மோசம்னு பேசிக்கறாங்களே."

"பேசறவங்க பேசுவாங்க" என்றாள் என் மனைவி. நான் அவசரமாகச் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் படித்தேன்.

பருப்பு குழைய வெந்திருந்தது. பெண்ணின் அப்பா சாம்பாரை இரண்டாம் தரம் வாங்கிக்கொண்டார். பேசிப் பழகட்டும் என்று இருவரையும் மொட்டைமாடிக்கு அனுப்பினோம். மேலேயிருந்து ஒருமுறை அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தது கீழே கேட்டது. அத்தை என் மனைவியைப் பார்த்துப் புன்னகை செய்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. போர் தண்ணீர் இல்லை, நல்லதுதான். கிளம்பும்போது, வீட்டில் கலந்து பேசிவிட்டு நிச்சயத்துக்கு நாள் சொல்வதாக அப்பா சொன்னார்.

அவர்கள் கார் திரும்பிய பிறகு தம்பி நாற்காலியில் உட்கார்ந்தான்.

"அண்ணி, நான் சொல்லிட்டேன்."

"இன்னாத்த?"

"தண்ணியப் பத்தி. இந்தத் தண்ணில தலைக்கு ஊத்துனா முடி கொட்டாதுதானேன்னு அந்தப் பொண்ணு கேட்டுச்சி. சும்மா கேட்டுச்சோ என்னமோ. அந்த முடியப் பாத்துட்டு எப்பிடிப் பொய் சொல்றது? என் தலையப் பாருங்க, இதான் எங்க வூட்டுத் தண்ணி, டேங்க்ல இருக்கறது இன்னிக்கு மட்டும்தான்னு சொன்னேன். அதுக்குத்தான் சிரிச்சிது."

"கல்யாணத்துக்கு அப்புறம் அதுவே தெரிஞ்சிக்கும் இல்ல? எல்லாப் பொண்ணும் அப்பிடித்தானே வருது. நான் வரல?"

"தெரிஞ்சப்புறம் இன்னா மூஞ்ச வெச்சிக்கினு அது பக்கத்துல உக்காருவேன் அண்ணி?"

அவள் எச்சில் தட்டுகளை எடுத்துக்கொண்டு போனாள். நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். பெரியவர்கள் புத்தகங்களில் உண்மையைப் பற்றி எழுதியது எவ்வளவோ படித்திருக்கிறேன். டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு அவள் பின்னால் போனேன்.

ஆனால் அந்தப் பெண் சிரித்தாளே. அந்தச் சிரிப்பைத்தான் மூன்று பேரும் பிடித்துக்கொண்டிருந்தோம். கோபமாக இருந்தால் சிரிப்பாளா? தம்பி வேலைக்குப் போகும்போது சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டான். டேங்கில் முக்கால்வாசி காவேரி அப்படியே இருந்தது. என் மனைவி அதைத் தொடவிடவில்லை. நிச்சயத்துக்கு வருவார்கள், அதற்குள் நம் முறை வருமோ வராதோ என்றாள். டேங்கிலிருந்து கீழே வரும் குழாயையே மூடிவிட்டாள். நாங்கள் பின்பக்கம் போர் தண்ணீரைப் பக்கெட்டில் பிடித்துக் குளித்தோம். மேலே நல்ல தண்ணீரை வைத்துக்கொண்டு கீழே உப்புத் தண்ணீரில் குளிக்கிற குடும்பம் ஊரில் எங்களுடையது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். பாய் மதிலில் எட்டிப் பார்த்து, "எப்ப சார் நாள்?" என்று கேட்பார். சொல்வாங்க பாய் என்பேன். அடுத்த முறை மெயினில் உடைப்பு என்று தண்ணீர் வரவில்லை. தான் சொன்னது சரியாகப் போயிற்று என்று என் மனைவி டேங்க்கைப் பார்த்துப் பெருமைப்பட்டாள்.

போன் எனக்குத்தான் வந்தது. பெண்ணின் அப்பா.

"தப்பா எடுத்துக்காதீங்க. பையன் தங்கமான பையன். உண்மைய மறைக்காம சொல்ற ஆளு இந்தக் காலத்துல யாருங்க இருக்கறாங்க? எங்க பொண்ணுக்குக்கூட மனசுதான். வூட்ல பொம்பளைங்கதான் ஒத்துக்க மாட்டேங்கறாங்க. புள்ளகுட்டி பொறந்தா அதுங்களும் அந்தத் தண்ணிலதானே வளரணும்ங்கறாங்க. அவங்க சொல்றதுக்கு என்கிட்ட பதில் இல்ல."

சரிங்க என்றேன். ரொம்ப நன்றி என்றுகூடச் சொன்னதாக ஞாபகம்.

தம்பி கம்பெனியிலிருந்து வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தான். நான் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி விடுண்ணா" என்றான். ஷூவை ஜோடியாக ஓரத்தில் வைத்தான்.

என் மனைவி மாடிக்குப் போனாள். மூடியிருந்த குழாயைத் திறந்துவிட்டு இறங்கி வந்தாள்.

"டேங்க்ல நல்ல தண்ணி இருக்குது. தலைக்கு ஊத்திக்கினு வா தம்பி."

அவன் துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். எங்கள் வீட்டில் குளிக்கிறவர் கொஞ்சம் தாமதித்தால் யாராவது கதவைத் தட்டிவிடுவோம். காவேரி விழும்போது ஒரு சத்தம் வரும். அதை வெகுநேரம் கேட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். டேங்க் காலியாகிக் குழாயில் காற்று இரைகிற வரைக்கும் நாங்கள் தட்டவில்லை.