சுவரில் பூத்த உப்பு

கொத்தனார் சமையலறைச் சுவரைச் சுரண்டியதும் ஈர உப்பு வாசனை குப்பென்று கிளம்பியது. பழைய செங்கல் ஒன்றைக்கூட வீணாக்காமல் புதுச் சமையலறை கட்டணும் என்று மூன்று மாதமாக வீட்டில் எல்லோரையும் நச்சரித்தவன் நான். அந்த வாசனையில் சட்டென்று எனக்கு ஏழு வயதாகிவிட்டது.

அப்பா உப்பளத்திலிருந்து வந்து சாப்பிட உட்காருவார். முதல் வாயிலேயே, "ஏம்மே, அளத்தையே அள்ளிக் கொட்டிட்டியா?" என்பார். அம்மா ரசத்தை ஊற்றுவாள். அடுப்புக்கு மேலே சுவரில் வெள்ளையாகப் பூத்த உப்பு, பொருக்குப் பொருக்காகக் குழம்பில் உதிரும். தினமும் காலையில் தேங்காய் நாரால் அதைத் தேய்த்துத் தள்ளுவாள். மறுநாள் மறுபடி பூத்திருக்கும். நல்ல தண்ணீர் தூரமென்று, அளத்து வாய்க்கால் தண்ணீரிலேயே கலவை போட்டு அப்பா கட்டிய சுவர் அது. வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

"தம்பி, இந்தக் கல்ல திரும்ப வச்சிடலாமா?" கொத்தனார் கேட்டார்.

அம்மா என்னையே பார்த்தாள்.

"வேணாங்க. வாசல் நடைக்குப் பதிச்சிடலாம். கதவு, பலகை மட்டும் பழசு போதும்" என்றேன்.

யாரும் சொல்லாமலேயே அப்பா வண்டியில் இரண்டு டிரம் தண்ணீர் கொண்டுவந்து இறக்கினார். கொத்தனார் மொண்டு கலவையில் ஊற்றப் போனார்.

"இருங்க."

அம்மா டிரம்மில் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். அப்பா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ம், ஊத்துங்க" என்றாள்.