கூரையில் உட்கார்ந்த கழுகு

என் அண்ணி காசம்மாளுக்குப் பிழைப்பு எலும்பு. அபிஷேகப்பாக்கத்துக்குத் தெற்கே ஒரு பொட்டல் உண்டு. சுற்றுப்பட்டு ஊர்களில் செத்த மாட்டை அங்கேதான் கொண்டுவந்து போடுவார்கள். என் அண்ணன் உலகநாதன் தோலை உரித்து எடுத்துக்கொள்வார். அப்புறம் பிணந்தின்னிக் கழுகுகள் இறங்கும். முப்பது இறங்கினால் போதும், ஒரு உழவு மாடு அரை நாளில் வெறும் கூடாகிவிடும். அது இரண்டு நாள் வெயிலில் காய்ந்ததும் அண்ணி கைவண்டியோடு போய் எலும்பைப் பொறுக்கி வருவாள். உரத்துக்கு அரைக்கிறவர்கள் வாங்கிப் போவார்கள்.

ஊரில் எவனும் அந்தப் பறவையை ஏறெடுத்துப் பார்க்க மாட்டான். நானும்தான். மொட்டைக் கழுத்தும் கூன் முதுகுமாக, சண்டை போடும்போது அது சீறும் சத்தம் கேட்டால் நான் வண்டிக்குப் பின்னால் ஒதுங்கிவிடுவேன். அண்ணி அவற்றின் நடுவிலே நடந்து போவாள்.

"அதுக்கு உசுரு இருக்கிறது வேணாம்பா. நீ ஏன் நடுங்குறே, செத்துட்டியா?" என்பாள்.

எழுபத்திரண்டு பங்குனியில் சண்முகசுந்தரம் பண்ணையில் ஒரு காளை நின்ற இடத்திலேயே விழுந்து செத்தது. மூக்கில் கறுப்பு ரத்தம். அது அடைப்பான் நோய், மாட்டிலிருந்து ஆளுக்கும் ஒட்டும், அப்படிச் செத்த மாட்டில் கத்தி வைக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பண்ணையில் பாம்பு கடித்தது என்றார்கள். வரப்பில் பாம்பைப் பார்த்ததாகவும் ஒருத்தன் சொன்னான். பாம்பு கடித்தாலும் ரத்தம் வரும் என்று அண்ணன் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். நல்ல தோல், விட மனசு வரவில்லை. நான் மாட்டின் காலைப் பிடித்துக்கொண்டேன், அவர் உரித்தார்.

மூன்றாம் நாள் அவர் முழங்கைக்குக் கீழே ஒரு கொப்புளம் வந்தது. வலியில்லை. நடுவில் கரி வைத்த மாதிரி கறுப்பு. சட்டைக் கையை இறக்கி மறைத்துக்கொண்டார். ஐந்தாம் நாள் கை தூணாக வீங்கிக் காய்ச்சலில் பிதற்ற ஆரம்பித்தார்.

அன்றைக்குத்தான் அது நடந்தது. அதே பண்ணையில் இன்னொரு மாடு செத்துப் பொட்டலில் கிடந்தது. அதைத் தின்ற கழுகு ஒன்று தாழ்வாகப் பறந்து வந்து அண்ணன் வீட்டுக் கூரையில் தொப்பென்று உட்கார்ந்தது. கீற்று நொறுங்குகிற சத்தம் உள்ளே கேட்டது.

எங்கள் பக்கத்தில் அது உட்கார்ந்த வீட்டில் சாவு நிச்சயம் என்பார்கள். வீட்டைப் பூட்டிவிட்டு ஆறு மாதம் வெளியே தங்க வேண்டும். நான் நேரே பூசாரியிடம் ஓடினேன். நோயாளியைப் புளியமரத்தடியில் போடு, வெள்ளிக்கிழமை பரிகாரம் செய்யலாம், அதுவரை ஊர் எல்லை தாண்டக் கூடாது என்றார். அன்று புதன்கிழமை.

திரும்பி வந்தபோது வாசலை விட்டுத் தள்ளியே சனம் நின்றது. அண்ணி வண்டிக்கார இக்னேஷியஸிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போவணும்ணா. மாட்டைப் பூட்டு."

"உன் வூட்டு மேல அது குந்தினு கீது. நான் எப்டிம்மா வருவேன்?"

"நீதான் மாதா கோயிலுக்குப் போறவனாச்சே. உனுக்கு இன்னா இதெல்லாம்?"

"எங்க சாமியாருக்குத் தெரிஞ்சா திட்டுவாருதான். ஆனா மாட்டுக்கு எதுனா ஆச்சுன்னா நட்டம் எனுக்குத்தான?"

நான் பூசாரி சொன்னதைச் சொன்னேன். அண்ணி என்னை உள்ளே இழுத்துப் போய் அண்ணன் சட்டைக் கையைத் தூக்கிக் காட்டினாள். அந்தக் கறுப்புக் கொப்புளத்தை அப்போதுதான் நான் பார்த்தேன்.

"மேல பாத்துனே இருக்கிறியே, இத்தப் பாரு. அது வயிறு முட்டத் துன்னுட்டுப் பறக்க முடியாம குந்தினு கீது. உங்க அண்ணனக் கொல்றது இது. வெள்ளிக்கிழம வரைக்கும் தாங்காது."

வெளியே வந்து பார்த்தோம். கழுகு கழுத்தை நீட்டிக் கூரையிலேயே கக்கியது. நாற்றம் வாசல் வரைக்கும் வந்தது. பாரம் குறைந்ததும் இறக்கையை விரித்து, ஒரு மரக்கிளைக்கு மேல் தடுமாறி எழும்பிப் போய்விட்டது. பறந்து போனதைப் பார்த்தும் ஒருத்தரும் ஒரு அடி முன்னால் வரவில்லை.

அண்ணி எலும்பு வண்டியில் வைக்கோலைப் போட்டு அண்ணனைப் படுக்க வைத்தாள். அவள் முன்னால் இழுக்க, நான் பின்னால் தள்ள, தவளக்குப்பம் வரைக்கும் போனோம். வழியில் பெண்கள் பிள்ளைகளின் கண்ணைப் பொத்தினார்கள். ஊர் எல்லையில் பூசாரி சொன்னது நினைவு வந்து நான் நின்றுவிட்டேன். "தள்ளுடா" என்றாள். அதற்கு முன்னும் பின்னும் அவள் என்னை டா போட்டதில்லை. தள்ளினேன். நிமிடத்துக்கு ஒருமுறை அண்ணன் மூச்சு வருகிறதா என்று குனிந்து பார்த்தேன்.

தவளக்குப்பத்தில் பஸ் பிடித்துப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் கையைப் பார்த்ததும் கேட்டார்.

"மாடு அறுத்தீங்களா? கூட யார் தொட்டது?"

நான் கையை நீட்டினேன். கட்டைவிரல் ஓரத்தில் கொசுக்கடி போல ஒன்று இருந்தது. காலையில் சொரிந்ததுகூட நினைவிருந்தது. எனக்கும் ஊசி போட ஆரம்பித்தார்கள். அண்ணன் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்து, விரல் கறுக்கிறதா என்று எட்டு நாள் பார்த்துக்கொண்டே கிடந்தேன்.

ஒன்பதாம் நாள் அண்ணன் கஞ்சி கேட்டார். அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கஞ்சி வாங்கி வந்து ஊட்டினாள். பிறகு டாக்டரிடம் போய் வேறு கேள்வி கேட்டாள். வீட்டில் உப்புப் போட்டு வைத்த தோல் கிடக்கிறது, பொட்டலில் எலும்பு கிடக்கிறது, என்ன செய்ய?

"கழுகு தின்னது போச்சு. அது வயித்துல இந்தக் கிருமி சாவும். நீங்க எடுத்து வெச்சதுதான் ஆபத்து. கையில துணி சுத்திக்கிட்டு, ஆறடி ஆழத்துல சுண்ணாம்பு கொட்டிப் புதைங்க."

ஆஸ்பத்திரியில் என்னை விட்டதும் அண்ணி என்னைக் கூட வரச் சொன்னாள். புண் ஆறிவந்த விரலில் கட்டோடு போனேன். பொட்டலில் குழி தோண்டும்போது தலைக்கு மேல் ஏழெட்டு கழுகுகள் வட்டம் போட்டன. அவற்றின் நிழல் மண்ணில் ஓடும்போதெல்லாம் என் கை நின்றுபோனது.

"நம்மளப் பாக்கல தம்பி. இன்னும் மிச்சம் கீதான்னு பாக்குது" என்றாள். "ஆழமா தோண்டு. நாயி கிளறப் போவுது."

வேர்வை கண்ணில் இறங்கியது. மேலே பார்க்காமல் தோண்டினேன்.