பானைக்குள் நான் திணித்த வைக்கோல்

ஜமுனாமரத்தூருக்கு மாற்றலாகி வந்தபோது, ஆசையாக வளர்த்த லவ் பேர்ட்ஸ் ஜோடியையும் கொண்டுவந்தேன். மலைக்குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று, பக்கத்து வீட்டு வள்ளி குப்பைக்குழி ஓரம் போட்டிருந்த சாமை வைக்கோலை அள்ளிவந்து, கூண்டிலிருந்த மண்பானைக்குள் திணித்தேன்.

சில நாட்களில் பறவைகள் இறகைப் பிய்த்துக்கொள்ள ஆரம்பித்தன. பார்த்தால், உடம்பெல்லாம் பேன் போல ஊரும் கோழிச் செல் பூச்சி! "எல்லாம் உன் கோழிங்களாலதான்!" என்று தெருவே கேட்க வள்ளியிடம் கத்தினேன். அவள் தன் கோழிகளைக் கூடை போட்டு மூடினாள்.

கூண்டைக் கழுவ வெளியே எடுத்து, பானையிலிருந்த வைக்கோலைக் கொட்டியபோது வள்ளி எட்டிப் பார்த்தாள். "இன்னாக்கா இது! கோழி அடை படுத்த வைக்கோலாச்சே. செல்லு புடிச்சிக்கிச்சின்னு கொளுத்தத்தான போட்டு வெச்சிருந்தேன்?"

நான் கூனிக் குறுகிப் போனேன்.

வைக்கோலைக் கொளுத்தி, கூண்டை வெந்நீரில் கழுவிக் காயவைத்தேன். கால்நடை மருத்துவர் தந்த மருந்தில் பறவைகள் பிழைத்துக்கொண்டன. இப்போது கூண்டுக்குள் எதை வைப்பதானாலும் வள்ளியிடம் கேட்டுவிட்டுத்தான் வைக்கிறேன்.

அவளிடம் மன்னிப்பும் கேட்டேன். ஆனால், திட்டியது தெருவுக்கே கேட்டது. மன்னிப்பு அவள் காதுக்கு மட்டும்தான் கேட்டது.