பந்தயத்துக்குப் போட்ட நான்கு டயர்

எனக்குப் பயம் ஜாஸ்தி. இதைச் சொல்வதில் வெட்கமில்லை. வேலூரில் பஸ் ஷெட் வைத்துப் பிழைத்தவன் நான். டயர் வெடித்து வண்டி புளியமரத்தில் போய் முட்டியதைக் கண்ணால் பார்த்தவனுக்குப் பயம் வராவிட்டால் அவனிடம்தான் ஏதோ கோளாறு. என் அக்கா வீட்டுக்காரருக்கு அந்தக் கோளாறு இருப்பதாகவே வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாமாவுக்கு ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப். சீமைக்குத் திரும்பிப் போன வெள்ளைக்காரர் ஒருவரிடமிருந்து, இரண்டே பேர் உட்காரக்கூடிய பந்தயக் கார் ஒன்றை வாங்கிவிட்டார். கூரை கிடையாது. கதவு என்று சொல்லத்தக்க கதவும் கிடையாது. சுண்ணாம்புத் தொட்டிகளுக்கும் தோல் காயும் பந்தலுக்கும் நடுவில் அது நின்றிருந்த கோலத்தைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். அந்தக் கோடையில், பெங்களூரிலும் மதராஸிலும் கார் வைத்திருந்த பெரிய மனிதர்கள் சிலர் நாட்றம்பள்ளிப் பக்கம் வற்றிக் கிடந்த ஓர் ஏரிக்குள் தார் பீப்பாய்களை வரிசையாக நிறுத்திப் பாதை வகுத்தார்கள். அங்கே பந்தயம் என்றார்கள். மாமா பெயர் கொடுத்துவிட்டு வந்த பிறகுதான் வீட்டில் சொன்னார். அக்கா ஆள் அனுப்பி என்னை வரவழைத்தாள்.

"நான் சொன்னா கேக்கமாட்டாரு தம்பி. டயரு, சக்கரமாவது நல்லதாப் பாத்துப் போடு. அவரு முழுசா வீடு வந்து சேரணும். வேற ஒண்ணும் வேணாம் எனக்கு."

அக்கா அழுதிருந்தால் எப்படியாவது தட்டிக்கழித்திருப்பேன். அவள் அழவில்லை. நான் சிக்கிக்கொண்டேன்.

காரோடு வந்த டயர்கள் தேய்ந்து மொழுக்கென்று இருந்தன. பஸ்ஸுக்குப் போடுகிற ஜாதியில் சின்ன அளவு கிடைக்கும். கனம் அதிகம், வேகத்துக்கு ஆகாது. மதராஸிலிருந்து வரவழைத்த புது டயர் வரிவரியாக வெட்டுப் பதிந்து அழகாக இருந்தது. ஆனால் மெல்லிசு. ஏரி முழுக்கக் கருவேல முள். இதற்கு மாமா ஒரு வழி சொன்னார், நானும் தலையாட்டினேன். எங்கள் பக்கத்தில் டயர் கிழிந்தால் உள்ளே ஒரு தோல் துண்டை வைத்து ஓட்டுவது எல்லோரும் செய்வதுதான். என் பஸ்கள் பாதி அப்படித்தான் ஓடின. துண்டு எதற்கு, டயருக்குள் சுற்றுமுழுக்கத் தோலையே வைத்துவிட்டால் எந்த முள் ஏறும்? மாமா தன் ஷாப்பிலிருந்து எருமைத் தோலில் முதுகுப் பக்கமாகப் பார்த்து வெட்டிக் கொடுத்தார். டயருக்கும் டியூபுக்கும் நடுவில் அதைச் சொருகிக் காற்றடித்தபோது எனக்குக்கூட நிம்மதியாக இருந்தது.

மறுநாள் காலை வாணியம்பாடி ரோட்டில் மாமா தனியாக ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். டயரைத் தொட்டேன். கை பொறுக்கவில்லை, தோசைக்கல் மாதிரி கொதித்தது. கழற்றிப் பிரித்தால் கருகிய தோல் நாற்றம். தோலின் ஓரம் டியூபைச் சுற்றிலும் அராவியிருந்தது. நகத்தால் கீறினால் டியூப் பிய்ந்துவிடும் போலிருந்தது. மெதுவாகப் போகிற பஸ்ஸுக்குச் சரி; இந்த வேகத்துக்கு நாங்கள் உள்ளே வைத்தது எமனைத்தான். மாமா சிரித்தார்.

"இன்னா மச்சான், மூஞ்சி வெளுத்துப்போச்சு? ஒண்ணும் ஆவலியே!"

தோலை எடுத்துத் தூர எறிந்தேன். டியூபை மாற்றி, தோல் இல்லாமல் வெறும் புது டயர்தான் என்று முடிவாயிற்று.

அடுத்தது சக்கரம். கம்பிக்குப் பதில் முழுத் தகடாக இருக்கும் தட்டுச் சக்கரம் ஒரு செட் இருந்தது, கல் மாதிரி கனம். கம்பிச் சக்கரம் லேசு. ஆனால் வளைவில் ஒரு கம்பி விட்டால் மற்றதும் விடும். கம்பிச் சக்கரத்தையே எடுத்து, ஸ்பேனரால் ஒவ்வொரு கம்பியாகத் தட்டிக் காதை வைத்துக் கேட்டேன். தொய்ந்த கம்பி மொக்கையாகச் சத்தம் கொடுக்கும். முறுக்கிவிட்டு மறுபடியும் தட்டினேன். காற்று விஷயத்தில் என் புத்தி இன்னும் பேஜாரானது. ஜாஸ்தி அடித்தால் ஏரிக் களிமண் வெடிப்பில் கார் துள்ளும்; கம்மியாக அடித்தால் வளைவில் டயர் ரிம்மைவிட்டு நழுவும். அடிப்பேன், இறக்குவேன், மறுபடி அடிப்பேன். சோற்றில் கை வைத்தாலும் அந்த நான்கு டயர்தான் கண்ணில் நின்றது.

பந்தயத்துக்கு முந்தின நாள் அக்கா வந்து நின்றாள்.

"உங்க ஷெட்டுல புது டயர் போட்டா இன்னா வழக்கம்?"

போட்டவனே முதல் நடைக்கு அந்த பஸ்ஸில் ஏறிப் போகவேண்டும் என்பது வழக்கம். வேலை சுத்தமாக இருக்கட்டும் என்று அந்தச் சட்டத்தைப் போட்டவனே நான்தான். அது அவளுக்குத் தெரியும்.

"அப்ப நாளைக்கு நீயும் அவரு பக்கத்துல ஏறிக்கோ," என்றாள்.

ஏறினேன். ஏரிக்கரை முழுக்க ஜனம். ஆம்பூரிலிருந்தும் மேல்விஷாரத்திலிருந்தும் தோல் வியாபாரிகள் வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். மாமா எழுந்து நின்று எல்லோருக்கும் கையாட்டினார். கொடி விழுந்ததும் என் குடல் பின்னால் தங்கிவிட்டது, நான் மட்டும் முன்னால் போனேன். முன்னே ஓடிய காரின் புழுதி வாயெல்லாம் அப்பியது. முதல் வளைவில் பின்பக்கம் வழுக்கியது. பீப்பாய் ஒன்று என் முழங்கைக்குப் பக்கத்தில் வந்துவிட்டுப் போனது. கம்பி பாடுகிறதா, ரிம் நழுவுகிறதா என்று கேட்கப் பார்த்தேன். என் நெஞ்சு அடித்துக்கொள்வதுதான் கேட்டது. இரண்டாவது சுற்றில் ரப்பர் கருகும் வாடை வந்தது. நிச்சயமாக வந்தது. நான் மாமாவின் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"மாமா, நிறுத்துங்க! டயர் போவுது! நிறுத்துங்க!"

யார் சொல்லையும் கேட்காத மனிதர் உடனே நிறுத்திவிட்டார். கரையிலிருந்து வெகு தூரத்தில், கருவேல மரங்களுக்குப் பின்னால் பாதையைவிட்டு ஒதுங்கி நின்றோம். குதித்து இறங்கி நான்கு டயரையும் தடவினேன். சூடு இருந்தது, அவ்வளவுதான். ஒரு கீறல் இல்லை. ஒரு கம்பி தளரவில்லை. வாடை எந்தக் காரிலிருந்து வந்ததோ, அல்லது என் பயத்திலிருந்தே வந்ததோ. இன்று இவர் கையால் எனக்கு அறை உறுதி என்று நினைத்தபடி நிமிர்ந்தேன்.

மாமா இறங்கவில்லை. இரண்டு கையும் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே இருந்தன.

"கை வர்ல மச்சான்," என்றார்.

ஒவ்வொரு விரலாக நான்தான் பிரித்துவிட்டேன். உள்ளங்கை சில்லிட்டிருந்தது.

"மொத வளைவுலயே நிறுத்தியிருப்பேன். ஊரே பாக்குது. நானா எப்டி நிறுத்துவேன்?" என்றார். அதற்குள் கரையிலிருந்து ஆட்கள் ஓடிவருவது தெரிந்தது. அவர்களுக்கு முன்னால் அக்கா, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு. மாமா டயரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அந்தக் கண்ணை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

"கத்தி இருக்கா?"

இருந்தது. ரப்பர் வெட்டுகிற கத்தி. அவ்வளவு பார்த்துப் பார்த்துப் போட்ட புது டயரின் பக்கவாட்டில் அதை இறக்கி இழுத்தேன். சீறிக்கொண்டு கார் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

அக்காதான் முதலில் வந்து சேர்ந்தாள். புருஷன் முகத்தையும் கையையும் காலையும் தொட்டுப் பார்த்தாள். பிறகு குனிந்து டயரில் விரலை ஓட்டினாள். தோல்காரர் வீட்டில் வாழ்கிறவள். உரிக்கும்போது கத்தி பட்ட தோலைத் தனியே ஒதுக்குவது அங்கே அன்றாட வேலை. அவள் விரல் ஒரு கணம் நின்றது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அவள் நிமிர்ந்து, ஓடிவந்த கூட்டத்தைப் பார்த்து ஊருக்கே கேட்கும்படி, "டயரு வெடிச்சிடுச்சு! நல்லவேளை, அவரு சாமர்த்தியமா நிறுத்திட்டாரு!" என்றாள். கத்தி பிடித்திருந்த என் கையை முந்தானைக்குள் இழுத்து மூடிக்கொண்டாள். எலும்பு வலிக்கிற மாதிரி அழுத்திப் பிடித்துக்கொண்டு, கூட்டம் கலைகிறவரை விடவேயில்லை.