கண்மட்டம் சார்

கடைசி நாற்காலியையும் முழங்காலால் இடித்து உள்ளே தள்ளிவிட்டு, சற்றுப் பின்னால் போய் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார். வட்டம் முட்டை வடிவில் இருக்கிறது. விடுவாரா? மறுபடியும் இழுக்கிறார். நாற்காலிகளை வரிசையாகப் போட்டால் மனிதர்கள் வாயை மூடிக்கொள்வார்கள், வட்டமாகப் போட்டால் மனதைத் திறந்து கொட்டிவிடுவார்கள் என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை. வட்டமாகப் போட்டபின் நடுவில் நின்றுகொண்டு சாயங்காலம் வரை அவர் ஒருவரே பேசுவார் என்பது வேறு விஷயம்.

குழந்தைகள் காப்பகங்களிலும் மழலையர் பள்ளிகளிலும் வேலை பார்க்கிறவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது அவர் தொழில். முதல் ஐந்து வயதில் பிள்ளையின் மூளை எப்படி வளர்கிறது, அந்த வளர்ப்பில் வீட்டு மனிதர்களை எப்படிக் கூட்டாளி ஆக்குவது என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். "இறங்குங்க! குழந்தையோட கண்மட்டத்துக்கு இறங்குங்க!" என்று மணிக்கு ஒருதரம் முழங்குவதால் பயிற்சிக்கு வந்தவர்கள் வைத்த பெயர் 'கண்மட்டம் சார்'. சொல்வதோடு நிற்காமல் மண்டியிட்டும் காட்டுவார். இறங்குவது அவர் பொறுப்பு. ஏற்றிவிடுவது முன்னால் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேர் பொறுப்பு.

"இங்க சரி, தப்புன்னு எதுவுமே கிடையாது. மனசுல பட்டதச் சொல்லுங்க" என்பார். யாராவது அதை நம்பிச் சொல்லிவிட்டால், "தப்பா எடுத்துக்காதீங்க, ஆனா அது தப்பு" என்பார். சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோர் கண்ணும் சொருகும்போது எழுந்து நிற்கச் சொல்லி முயல் மாதிரி குதிக்க வைப்பார். ஐம்பது வயதுப் பெண்மணிகள் பல்லைக் கடித்துக்கொண்டு குதிப்பார்கள். "பாத்தீங்களா, உள்ள இருக்கற குழந்தை வெளிய வந்துடுச்சு!" என்று அவர் கைதட்டுவார். வெளியே வந்தது மூச்சிரைப்பு மட்டும்தான்.

வீட்டில் அவர் மனைவிக்கு இந்தப் பாஷையெல்லாம் ஒத்துவராது. ஒருநாள் குழம்பில் உப்புக் கூடிப்போனபோது, "உன் முயற்சிய நான் மதிக்கறேன். அடுத்த தடவ என்ன மாத்திச் செய்யலாம்னு நீ நினைக்கற?" என்று கேட்டார். "அடுத்த தடவ உங்கள சமைக்கச் சொல்லலாம்னு நினைக்கறேன்" என்றாள் அந்த அம்மாள். அன்றோடு சமையலறைப் பக்கம் பயிற்சி நின்றது.

அவருடைய பெரிய சரக்கு என்றால் சிவப்பு வாளிக் கதைதான். மகளுக்கு மூன்று வயதிருக்கும்போது ஒரு பாத்திரக் கடையில் நடந்தது. சிவப்பு பிளாஸ்டிக் வாளி வேண்டும் என்று தரையில் புரண்டு அழுகிறாள். கடையே வேடிக்கை பார்க்கிறது. அவர் என்ன செய்தார்? அதட்டினாரா? அடித்தாரா? "இல்ல. அழுக்குத் தரையில அப்படியே உக்காந்தேன். அவ கண்ணப் பாத்தேன். 'அந்த வாளி உனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு, கிடைக்கலன்னு கோவம் வருது, இல்லடா தங்கம்?'னு கேட்டேன். அவ்வளவுதான். அழுகை நின்னுது. கழுத்தக் கட்டிக்கிட்டா." இந்த இடத்தில் அவர் குரல் கம்மும். வட்டத்தில் நான்கைந்து முந்தானைகள் கண்ணுக்குப் போகும்.

கதையில் எல்லாம் உண்மை, ஒன்றைத் தவிர. தரையில் உட்கார்ந்தது அவர் மனைவி. அவர் அந்த நேரத்தில் வேறொரு ஊரில், தகப்பன்மார்கள் பிள்ளைகளோடு நேரம் செலவழிக்க வேண்டியதன் அவசியத்தைப் பற்றி வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். நடந்ததை இரவு தொலைபேசியில் மனைவி சொல்லக் கேட்டார். முதல் சில வருடங்கள் 'என் மனைவி' என்றுதான் சொல்லிவந்தார். அப்புறம் அது 'நாங்கள்' ஆயிற்று. ஏதோ ஒரு ஊரில், கைதட்டல் பலமாக விழுந்த ஒரு மத்தியானம், 'நான்' ஆகிவிட்டது. வாடகைக்கு வந்தவர் வீட்டையே எழுதி வாங்கிக்கொண்ட மாதிரி.

அந்த மகளுக்கு இப்போது ஒரு பெண் குழந்தை. பேத்தியின் முதல் பிறந்தநாளன்று சம்பந்தி வீட்டார் சூழ்ந்திருக்க, மகள் கைபேசியில் பாட்டுப் போட்டுக் காட்டிக் குழந்தைக்குச் சோறு ஊட்டினாள். விருந்துக்கு வந்தவர் சும்மா சாப்பிட்டுவிட்டுப் போகலாம். இவர் எழுந்து நின்று, திரையைப் பார்த்துச் சாப்பிடும் பிள்ளைகளின் மூளைக்கு என்ன நேர்கிறது என்று விளக்க ஆரம்பித்தார். மாப்பிள்ளையின் தாயார் நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு ரசித்துக் கேட்டாள். மகள் வாசல் வரை வந்து வழியனுப்பும்போது, "அப்பா, இனிமே வர்றதா இருந்தா தாத்தாவா வாங்க. ட்ரெய்னரா வராதீங்க" என்றாள். அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. எந்தத் தகுதியில் போவது என்று யோசித்தே ஒன்றரை வருடத்தை ஓட்டிவிட்டார். மனைவி மட்டும் போய் வருவாள். அவள் கைபேசியில் எடுத்துவரும் படங்களை, அவள் குளிக்கப் போகும்போது எடுத்துப் பார்ப்பார்.

போன மாதம் ஒரு பயிற்சி. வட்டம் சரியாக வந்த திருப்தியில் நிமிர்ந்தவர், கதவுப் பக்கம் பார்த்தார். மகள் நின்றுகொண்டிருந்தாள். அவள் ஒரு காப்பகத்தில் ஆசிரியையாகச் சேர்ந்திருக்கிறாள் என்பது மனைவி சொல்லித் தெரியும். பேத்தியும் பகலில் அங்கேதான் இருக்கிறாள். ஆனால் பயிற்சிக்கு இவளைத்தான் அனுப்புவார்கள் என்று யார் கண்டார்கள்?

"வணக்கம் சார்" என்றாள் மகள். 'சார்' சற்று அழுத்தமாக விழுந்தது. நேர் எதிரே போய் உட்கார்ந்தாள். வட்டத்தில் இதுதான் தொல்லை. யாரும் யாருக்கும் பின்னால் ஒளிய முடியாது.

காலை முழுவதும் மூளை, நரம்பு, விளையாட்டு என்று சுற்றி வந்தார். வாளியை மட்டும் தொடவே இல்லை. தப்பித்தோம் என்று நினைத்த நேரத்தில், முன்பே ஒருமுறை அவர் பயிற்சிக்கு வந்திருந்த ஓர் ஆயாம்மா கை தூக்கினாள். "சார், அந்தச் சிவப்பு வாளிக் கதைய சொல்லுங்க சார்! போன தடவ நான் அழுதுட்டேன். இவங்களும் அழட்டும்."

"நேரம் இல்லியேம்மா…"

"அதெல்லாம் இருக்கு சார்!" என்றது வட்டம்.

சொன்னார். அன்று 'நான்' வாய்க்குள்ளேயே கரைந்துபோய், கடைக்குப் போனது 'ஒரு பெற்றோர்' ஆயிற்று. அழுதது 'ஏதோ ஒரு குழந்தை'. தரையில் யாரோ உட்கார்ந்தார்கள், யாரோ யாரையோ கட்டிக்கொண்டார்கள். குரல் கம்மவேண்டிய இடத்தில் இருமல் வந்தது. "போன தடவ வேற மாதிரி இருந்துச்சே" என்று ஆயாம்மா முகம் சுளித்தாள்.

மகள் கை தூக்கினாள். "ஒரு சந்தேகம் சார். அந்தக் குழந்தையோட அப்பா அப்ப எங்க இருந்தார்?"

வேறொருவராக இருந்தால் அந்த இடத்திலேயே உடைந்துபோய் உண்மையைச் சொல்லியிருப்பார். இவர் இருபத்தைந்து வருட அனுபவசாலி. "அருமையான கேள்வி!" என்றார். "இத நான் சொல்லிட்டா நீங்க யோசிக்க மாட்டீங்க. நாலு நாலு பேரா உக்காந்து பேசுங்க. அந்த அப்பா எங்க இருந்தார், அவர எப்படி உள்ள கொண்டு வரலாம்? பேசி முடிச்சிட்டு வந்து சொல்லுங்க." பதில் தெரியாத கேள்விக்கும், தெரிந்து தொலைத்த கேள்விக்கும் குழுவிவாதம் ஒன்றே மருந்து. சொல்லிவிட்டுத் தேநீர் மேசைக்கு நழுவினார்.

மருந்து அன்று வேலை செய்த விதம்தான் வேறு. ஒவ்வொரு குழுவும் எழுந்து அந்த அப்பாவைத் துவைத்துக் காயப்போட்டது. "வண்டி நிறுத்தப் போறேன்னு போய் அங்கயே நின்னுருப்பார் சார்." "வந்திருந்தாலும் போனப் பாத்துட்டுத்தான் நின்னுருப்பார்." "எங்க வீட்ல இருக்கறவரோட அண்ணன் போலருக்கு." சிரிப்பு கூரையை முட்டியது. எல்லாவற்றையும் பெரிய தாளில் எழுதிச் சுவரில் ஒட்டவேண்டிய கடமை பயிற்சியாளருடையது. தன் கைப்பட எழுதி, தன் கைப்பட ஒட்டினார்.

மகளின் குழுவுக்காக அந்த ஆயாம்மாதான் எழுந்தாள். "அப்பாவ திட்டி என்ன சார் ஆகப்போவுது? நீங்கதான சொன்னீங்க, குத்தம் சொன்னா பெத்தவங்க ஓடிப்போயிருவாங்கன்னு. அவர யாரும் ஒழுங்கா கூப்பிட்டிருக்க மாட்டாங்க. வாங்கன்னு மொட்டையா சொன்னா ஆம்பளைங்களுக்குப் புரியாது. எங்க வரணும், எத்தன மணிக்கு வரணும், வந்து என்ன செய்யணும்னு சொல்லிக் கூப்பிடணும்."

"இத யார் சொன்னது?" என்று கேட்டார்.

"இந்தப் பொண்ணுதான் சார்."

மகள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அதை எழுதப் போனார். எழுதி முடித்து, மற்ற தாள்களுக்கெல்லாம் மேலே ஒட்டினார்.

சாயங்காலம் எல்லோரும் கலைந்த பின் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். மகள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"நாளைக்கு நாலு மணிக்கு. எங்க காப்பகத்து வாசல்ல ஒரு பெஞ்சு இருக்கு. அதுல வந்து உக்காருங்க."

"வந்து?"

"சும்மா உக்காருங்க. அவ வெளிய வருவா. எதுவும் சொல்லித்தராதீங்க."

"குழந்தை புது மனுஷங்களப் பாத்தா முதல்ல…" என்று ஆரம்பித்தவர், மகளின் முகத்தைப் பார்த்து, "சரிம்மா" என்றார்.

மறுநாள் மூன்றே காலுக்கே போய் உட்கார்ந்துவிட்டார். சலவைச் சட்டை, வாரிய தலை, பெண் பார்க்க வந்தவரைப் போல. கதவு திறந்ததும் பிள்ளைகள் திமுதிமுவென்று ஓடிவந்தன. தாய்மார்கள் வந்து அவரவர் பிள்ளையைப் பொறுக்கிக்கொண்டு போனார்கள். கடைசியாக மகளின் விரலைப் பிடித்துக்கொண்டு அது வந்தது. மனைவியின் கைபேசியில் இருந்ததைவிடச் சிறியதாக இருந்தது. அவர் வாயைத் திறந்தார். மகள் பார்த்தாள். மூடிக்கொண்டார்.

குழந்தை அவரை மேலும் கீழும் பார்த்தது. மூக்குக் கண்ணாடியைப் பார்த்தது. பெஞ்சைப் பார்த்தது. பிறகு வாயிலிருந்த பிஸ்கட்டை வெளியே எடுத்து, எச்சிலில் ஊறிக் கூழாகிப்போன மிச்சத்தை அவர் உள்ளங்கையில் வைத்து அழுத்தியது.

கை கழுவும் ஆறு நிலைகளை ஊர் ஊராகப் படம் போட்டுச் சொல்லிக்கொடுத்தவர் அவர்.  அதை அப்படியே எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.