எடுத்ததும் வைத்ததும்

ஹார்மோன் மாத்திரை தொடங்கி மூன்று வருடம் ஆனபோது என் மார்பில் இரண்டு சிறிய மேடுகள் இருந்தன. துப்பட்டா போட்டால் அவையும் தெரியாது. இதற்கு மேல் பெரிதாக வளரும் என்று எதிர்பார்க்க வேண்டாம் என்று மாத்திரை எழுதிக்கொடுக்கும் டாக்டர் சொல்லிவிட்டார். அதுவரை பிராவுக்குள் சிலிக்கான் பேட் வைத்துச் சமாளித்திருந்தேன். பெஹாலாவிலிருந்து நியூ டவுன் ஆபீஸுக்குப் பஸ்ஸில் போய்ச் சேர்வதற்குள் வேர்வையில் அது அக்குள் பக்கம் நழுவிவிடும். ஒருநாள் மீட்டிங்கில் பேசிக்கொண்டிருந்தபோதே ஒன்று வயிற்றுக்கு இறங்கியது. லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு மீதியைப் பேசி முடித்தேன். அந்த வாரமே ஒரு பிளாஸ்டிக் சர்ஜனிடம் நேரம் வாங்கினேன்.

அப்பா துறைமுக வேலையில் மாற்றலாகி எங்களை இந்த வங்காள நகரத்துக்குக் கூட்டி வந்தவர். அவர் இறந்த பிறகு வீட்டில் அம்மாவும் நானும்தான். நான் திருநங்கை என்று சொன்னதற்கு அப்புறம் சில மாதங்கள் அம்மா என்னை ‘டா’ என்றும் சொல்லவில்லை, ‘டீ’ என்றும் சொல்லவில்லை. பிறகு ஒரு காலையில், காபி ஆறுகிறது என்று சொல்லும்போது, ‘டீ’ வந்துவிட்டது. அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

சர்ஜனைப் பார்க்கப் போகிறேன் என்றதும், “நல்லா இருக்கற உடம்பை எதுக்குடீ வெட்டிக்கணும்?” என்றாள். அவள் அப்படிக் கேட்கக் காரணம் இருந்தது. சில வருடங்களுக்கு முன் புற்றுநோய்க்காக அவளுடைய இடது மார்பை எடுத்திருந்தார்கள். புதிதாக ஒன்று அமைத்துத் தரட்டுமா என்று டாக்டர்கள் அப்போதே கேட்டதற்கு, வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஆனாலும் என்னோடு கிளம்பினாள்.

சர்ஜன் நிதானமானவர். ஆங்கிலமும் வங்காளமும் கலந்து பேசினார். வயிற்றிலோ தொடையிலோ இருந்து கொழுப்பை எடுத்து மார்பில் செலுத்தலாம், ஆனால் அதில் ஒரு பகுதியை உடம்பு திரும்ப எடுத்துக்கொள்ளும், என்னிடம் எடுப்பதற்கே கொழுப்பு இல்லை என்றார். மீதியிருப்பது சிலிக்கான் இம்ப்ளாண்ட். அதைத் தசைக்கு மேலேயும் வைக்கலாம், கீழேயும் வைக்கலாம். எனக்குத் தோல் மெலிது என்பதால் கீழே வைத்தால் விளிம்பு தெரியாது, வலி மட்டும் கூடுதல். என் நெஞ்சு அகலம். பெரிய அளவு கேட்டால் நடுவில் இடைவெளி விழும், தோலும் தாங்காது. வைத்தது ஆயுளுக்கும் இருக்கும் என்று நினைக்கக் கூடாது, என்றாவது மாற்ற வேண்டி வரலாம். செய்துகொள்ளாமலே இருப்பதும் ஒரு வழிதான் என்றும் சொன்னார்.

பிறகு, குடும்பத்தில் யாருக்காவது மார்பகப் புற்று உண்டா என்று கேட்டார். வெளியே உட்கார்ந்திருக்கிறாள் என்றேன். அம்மாவை உள்ளே கூப்பிட்டார்கள்.

அவர் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு அம்மா என் பக்கம் திரும்பினாள். “நாளைக்கு இவளுக்கும் கட்டி வந்தா, இது மறைச்சிடுமான்னு கேளு.”

நான் மொழிபெயர்த்தேன். ஓரளவு மறைக்கலாம் என்றார் அவர். மார்பை எக்ஸ்ரே படம் எடுப்பவரிடம் இம்ப்ளாண்ட் இருப்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டும், வேறு கோணங்களிலும் எடுப்பார்கள், பரிசோதனையைத் தவறவிடக் கூடாது.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே அம்மா ஆரம்பித்தாள். “எனக்கு எடுத்தாங்க. நான் என்ன குறைஞ்சா போயிட்டேன்?”

“உனக்கு இருந்துது, போச்சு. எனக்கு வரவே இல்லையேம்மா.”

அவள் குக்கரை ஏற்றினாள். நான் உடை மாற்றப் போனேன். சாப்பிடும்போது, தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்: “குறையலன்னு சொன்னது பொய்டீ. ஒரு வருஷம் கண்ணாடி பக்கமே போகல. லைட்டை அணைச்சிட்டுத்தான் புடவை மாத்துவேன். அப்பாவுக்குக்கூடத் தெரியாது.”

எனக்கும் தெரியாது. அவள் பீரோக் கண்ணாடிக்கு முன்னால் நின்று புடவைத் தலைப்பைச் சரிசெய்வதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். நடுவில் ஒரு வருடம் அவள் அங்கே நிற்காததைக் கவனித்ததில்லை.

“அப்புறம் ஏன் புதுசா வைக்க வேண்டாம்னே?”

“இன்னொரு தடவை மயக்க மருந்துன்னா பயம். உனக்கு பயமா இல்லையா?”

“இருக்கு.”

“சரி. பெருசா வச்சிக்காதே. முதுகு வலிக்கும்” என்றாள்.

நடுத்தரத்துக்கும் குறைவான அளவைத் தேர்ந்தெடுத்தேன். மார்பின் கீழ் மடிப்பில் கீறி, தசைக்குக் கீழே வைத்தார்கள். விழித்தபோது நெஞ்சின் மேல் யாரோ உட்கார்ந்திருப்பது போல இருந்தது. வீட்டுக்கு வந்த பிறகும் கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. அம்மாதான் தலை வாரிவிட்டாள். எந்தப் பக்கம் படுத்தால் வலி குறையும், இறுக்கும் பிராவின் கொக்கியை எந்த வரிசையில் மாட்ட வேண்டும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது.

நாங்கள் பௌதி, அதாவது அண்ணி, என்று கூப்பிடும் எதிர்வீட்டுக்காரி பார்க்க வந்தாள். நான் அரைக்கால் சட்டையோடு திரிந்த நாளிலிருந்து என்னைத் தெரிந்தவள். என்ன ஆபரேஷன் என்று கேட்டாள். மார்பில் என்றாள் அம்மா. பௌதி வாயைப் பொத்திக்கொண்டு, “மேயேரோ?” என்றாள், மகளுக்குமா என்று. உடனே அழ ஆரம்பித்துவிட்டாள். அம்மாவுக்கு வந்ததுதான் எனக்கும் வந்துவிட்டது என்று நினைத்துவிட்டாள்.

அம்மா காய்கறிக் கடையில் பேசிப் பழகிய தன் வங்காளத்தில் அவசரமாகச் சொன்னாள்: “ஐயோ, இல்ல பௌதி. இவளுக்கு எடுக்கல. வச்சிருக்காங்க.”

பௌதி அழுகையை நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள், போர்வையைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் வலித்தது. அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டாள். பிறகு, மீன் சாப்பிடலாம் என்று டாக்டர் சொன்னாரா என விசாரித்தாள்.

முதலில் இடது பக்கம் சற்று மேலேயே நின்றது. போகப் போக இறங்கி வலது பக்கத்தோடு சேர்ந்துகொண்டது. தழும்புகள் கோடாகச் சுருங்கிவிட்டன. ஆபீஸில் யாரும் எதுவும் கேட்கவில்லை. பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கும்போது இப்போதெல்லாம் நான் என்னைக் குனிந்து பார்த்துக்கொள்வதில்லை. இடது பக்கம், தழும்புக்கு மேலே, உள்ளங்கையளவு இடத்தில் மட்டும் உணர்ச்சி இல்லை. குளிக்கும்போது தொட்டால் விரலுக்குத் தெரியும், அந்தத் தோலுக்குத் தெரியாது. உணர்ச்சி திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார் சர்ஜன்.